ஏறின கியரில் இறங்குகிறவர்

...இல்லை, ஆறாவது கிலோமீட்டரில்தான் பிரிவான், அதற்கு முன்னால் பிரிந்தால் அவன் மடையன், ரிவாஸ் மடையன் இல்லை, ஐம்பத்தெட்டுக் கிலோ உடம்பை வைத்துக்கொண்டு ஒன்பது கிலோமீட்டர் மேட்டில் எங்கே மூச்சைச் செலவழிக்க வேண்டும் என்று அவனுக்குத் தெரியாதா என்ன, பொறு, பொறு, இன்னும் இரண்டு வளைவு... குமரகுருபரன் நாற்காலியின் நுனிக்கு வந்து அரைமணி நேரம் ஆகிவிட்டது. டீவியில் இத்தாலி நாட்டு மலை ஒன்று, அதில் வளைந்து வளைந்து ஏறும் தார்ச்சாலை, அந்தச் சாலையில் முப்பது நாற்பது சைக்கிள்காரர்கள் ஒருவன் முதுகை ஒருவன் பார்த்துக்கொண்டு மிதிக்கிறார்கள். வெளியே வண்ணார்பேட்டையில் ஞாயிற்றுக்கிழமை சாயங்காலத்துப் பஸ்கள் ஹாரன் அடிக்கின்றன, ஹாரனை வைத்தே எந்த டெப்போ வண்டி என்று சொல்லிவிடுகிற மனுஷன், இன்றைக்கு ஒன்றுகூடக் காதில் ஏறவில்லை. இருபத்திரண்டு வருஷமாகப் பாபநாசம் மலைமேல் காரையாருக்கு அரசு பஸ் ஓட்டுகிறவருக்கு, மேட்டில் எது எப்போது திணறும் என்று எவனாவது சொல்லித்தர வேண்டுமா, கம்ப்யூட்டரில் கணக்குப் போட்டு இன்றைக்கு இவன் ஜெயிப்பான் அவன் ஜெயிப்பான் என்று எழுதுகிறான்களே, அவன்களில் ஒருத்தனாவது மழை நாளில் ஐம்பத்தைந்து பேரை ஏற்றிக்கொண்டு கொண்டை ஊசி வளைவில் வண்டியைத் திருப்பியிருப்பானா?

எல்லாம் மடியில் கிடக்கும் தாளில் இருக்கிறது. இன்றைய பாதையை மேடு பள்ளமாக வரைந்த படம், நூற்று அறுபத்தெட்டு கிலோமீட்டர், நாலு மலை, காலையிலேயே பிரிண்ட் எடுத்து வந்து ஸ்கேல் வைத்துச் சிவப்புப் பேனாவால் கோடு போட்டாயிற்று. இப்படி ஒரு படத்தை முதன்முதலில் பார்த்தது இரண்டு வருஷத்துக்கு முன்னால், மகள் பிருந்தா தோள்பட்டை எலும்பு முறிந்து ஆறு வாரம் படுத்துக் கிடந்தபோது, பொழுது போகாமல் அவள் ரேஸ் பார்ப்பாள், இவர் காப்பியை ஆற்றிக்கொண்டு பக்கத்தில் உட்காருவார், ஏட்டி, இது நம்ம மலை ரூட்டு மாதிரில்லா இருக்கு என்று தாளை வாங்கிப் பார்த்தவர்தான், மறுநாள் யார் ஜெயிப்பான் என்று சொன்னார், அவனே ஜெயித்தான், அன்றைக்குப் பிடித்த பைத்தியம். தினம் ஒரு பாதை, தினம் ஒரு ஜெயம் என்று ஓடும் இந்த ரேஸில் இதுவரை பத்து நாளில் ஏழு நாள் சரி! டெப்போவே வாயைப் பிளக்கிறது, கண்டக்டர் ஷேக் மைதீன் இன்று விடிந்ததும் விடியாததுமாக அண்ணாச்சி, இன்னைக்கு யாரு என்று கேட்டுவிட்டான். ஆனால் இன்றைக்குச் சொன்னது டெப்போவுக்காக இல்லை, வேடிக்கைக்கும் இல்லை, ஒரு காகிதத்துக்காக...

அந்தக் காகிதம் டீவிக்குக் கீழே ரிமோட்டின் அடியில் இருக்கிறது. பெங்களூரில் ஒரு பெண்கள் சைக்கிள் அணி பிருந்தாவைக் கூப்பிட்டிருக்கிறது, வயது இருபதுதான், இருபத்தொன்று ஆகாதவர்களுக்குப் பெற்றவர் சம்மதக் கையெழுத்து வேண்டும் என்பது அணியின் விதி, நாளை மத்தியானத்துக்குள் அனுப்ப வேண்டும், மூன்று வாரமாக இவர் அந்தப் பக்கமே திரும்பவில்லை. எப்படித் திரும்புவார்? அவள் விழுந்தது இவர் தினமும் ஓட்டுகிற அதே காரையார் ரோட்டில், இறக்கத்தில், ரத்தமும் மண்ணுமாக அவளைத் தூக்கி வண்டியில் ஏற்றியதே இவர்தான், வேகம், வேறு என்ன, வேகம்தான், சைக்கிளை எடுக்கும்போதெல்லாம் வாசலில் நின்று பைய போ ஏட்டி, பைய என்று எத்தனை வருஷமாகச் சொல்லியிருப்பார், எந்தப் பிள்ளை கேட்கிறது? நேற்று ராத்திரி சாப்பிடும்போது அவளே பேச்சை எடுத்தாள். நாளைக்கு மலை ஸ்டேஜ்லாப்பா, நீங்க ஒராளச் சொல்லுங்க, நான் ஒராளச் சொல்லுதேன், நீங்க ஜெயிச்சா நான் டிகிரிய முடிச்சிட்டு பேசாம வாத்தியார் வேலைக்குப் பரீட்சை எழுதுதேன், நான் ஜெயிச்சா கையெழுத்துப் போடுங்க. இவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது, ஏழு நாள் சரியாகச் சொன்னவனிடமா, ரிவாஸ் என்று அப்போதே சொன்னார். அவள் சொன்ன பெயர் லெனார்ட். லெனார்டாம்! எழுபத்தெட்டுக் கிலோ, மேட்டில் அவனை யாராவது பின்னாலிருந்து தள்ள வேண்டும், இது தெரியாமலா சொல்கிறாள், அல்லது தோற்கவேண்டும் என்றே சொல்கிறாளா, ஐயோ, அப்படியும் இருக்குமோ...

போயிட்டான்! போயிட்டான், ஆறாவது கிலோமீட்டர், கோடு போட்ட இடத்திலேயே, சிவப்புக் கோட்டின் மேலேயே! ரிவாஸ் எழுந்து நின்று மிதிக்கிறான், பின்னால் இருந்தவர்கள் நூலறுந்த பாசிமணி மாதிரி பிரிந்து உதிர்கிறார்கள், குமரகுருபரனும் எழுந்து நின்றுவிட்டார், வேட்டி அவிழப் பார்க்கிறது, ஒரு கையால் பிடித்துக்கொண்டு மறு கையால் தொடையில் அடிக்கிறார், சொன்னேம்லா, சொன்னேம்லா! அடுக்களையிலிருந்து பிரம்மநாயகி எட்டிப் பார்த்து, பக்கத்து வீட்டுல என்ன நினைப்பாக, பைய கத்துங்க என்றாள், மனைவி சொல்வது காதில் விழுந்தால்தானே. லெனார்ட் எங்கே? அதோ, ஐந்தாவது ஆளாக, வாயைத் திறந்துகொண்டு, ஆனாலும் இன்னும் விட்டுப்போகவில்லை, சே, பாவம், நல்ல நெஞ்சுரம் உள்ளவன்தான். உச்சியில் ரிவாஸ் முதல், லெனார்ட் முப்பத்துநாலு செகண்ட் பின்னால். அவ்வளவுதான், முடிந்தது. மைதீனுக்குப் போனில் பேசி அனுப்பினார், மைதீனு, கத முடிஞ்சுது வே, எட்டாவது நாளு! திரும்பி மகளைப் பார்த்தார், ஜெயித்த முகத்தோடு பார்க்க முடியவில்லை. அவள் தரையில் சப்பணம் போட்டு உட்கார்ந்து நிலக்கடலை உரித்துக்கொண்டிருந்தாள்.

“இன்னும் பதிமூணு கிலோமீட்டர் கிடக்குல்லாப்பா” என்றாள்.

பதிமூன்றா? கிடக்கிறது, இறக்கம்தானே... மடியில் இருந்த தாளைப் பார்த்தார், உச்சியோடு மடித்து வைத்திருந்தார், காலையில் கோடு போடும்போதே மடித்துவிட்டார், ஏனென்றால் அதற்கப்புறம் பார்க்க என்ன இருக்கிறது, எந்தக் கியரில் ஏறினோமோ அந்தக் கியரில் இறங்க வேண்டும், வேலைக்குச் சேர்ந்த முதல் நாள் சொல்லித்தந்த விதி, ஏற முக்கால் மணி என்றால் இறங்கவும் முக்கால் மணி, டிரிப் ஷீட்டில் அப்படித்தான் எழுதுகிறார், முன்னால் போகிற வண்டி முன்னால்தான் போகும், மலைப்பாதையில் இறக்கத்தில் எவன் முந்துவான்? லெனார்ட் முந்துகிறான்! உடம்பைச் சுருட்டி, மோவாய் ஹேண்டில்பாரில் முட்ட, ஐயோ, என்ன இறக்கம் இறங்குகிறான், இருபத்தெட்டு செகண்ட், இருபத்திரண்டு, எழுபத்தெட்டுக் கிலோவும் இப்போது அவனுக்கு வேலை செய்கிறது, இதை எப்படி விட்டேன், ஒரு பாதி மலையையே எப்படி மடித்து வைத்தேன், பதினேழு... குமரகுருபரன் உட்கார்ந்துவிட்டார், வலது கால் சிமெண்ட் தரையை அழுத்துகிறது, ஒவ்வொரு வளைவுக்கும் அழுத்துகிறது, கெண்டைக்கால் வலிக்கிறது, இல்லாத பிரேக். ரிவாஸுக்குப் பயம் வந்துவிட்டது, திரும்பித் திரும்பிப் பார்க்கிறான், அந்த இடது வளைவுக்குள் போன பிறகு சட்டென்று பிரேக்கைப் பிடித்தான், பின்சக்கரம் வெட்டியது, விழுந்தான் விழுந்தான், இல்லை, காலை ஊன்றித் தப்பித்துவிட்டான். கூறுகெட்ட பய, வளைவுக்கு முந்தியே பிடிச்சிரணும்லா, உள்ள போயா பிடிப்பாங்க என்று இவர் கத்தினார்.

“நானும் அப்படித்தாம்ப்பா விழுந்தேன்.”

கடலைத் தோலை முறத்தில் போட்டுக்கொண்டே சொன்னாள், டீவியிலிருந்து கண்ணை எடுக்காமல். நீ வேகத்துலல்லா விழுந்த என்றார் இவர். “வேகமெல்லாம் சரியாத்தான் இருந்துச்சு. பாதி வளைவு திரும்பிட்டேன். அப்பம் திடீர்னு நீங்க பைய, பையன்னு சொல்லுத மாதிரி கேட்டுச்சு. பிடிச்சிட்டேன்.” ஒன்பது செகண்ட் என்று டீவியில் எழுத்து வந்தது. ஏன்ட்டி அப்பமே சொல்லல? “சொன்னா அழுதிருப்பிய. எலும்பு முறிஞ்சது எனக்கு, உங்கள யாரு பாக்குது?” சிரித்தாள். இவருக்குச் சிரிப்பு வரவில்லை, இரண்டு வருஷமாக அந்த வளைவில் வண்டி திரும்பும்போதெல்லாம் அவளைத்தான் மனசுக்குள் திட்டியிருக்கிறார், ஒரு நாள் தவறாமல், காலையில் ஒருதரம் சாயங்காலம் ஒருதரம், பாவி மகளே உனக்கென்ன அவசரம் என்று... அவசரம் அவளுக்கு இல்லை. ரோடு காய்ந்திருந்தது, டயர் புதுசு, கை பழகிய கை, சத்தம் மட்டும் இவருடையது.

ஊர் வந்துவிட்டது, ஓட்டு வீடுகள், தேவாலய மணி, தெருவின் இரண்டு பக்கமும் ஜனம் கத்துகிறது, லெனார்ட் வந்து ஒட்டிவிட்டான், இரண்டு பேரும் பக்கத்தில் பக்கத்தில், ஒரு கிலோமீட்டர், எழுநூறு மீட்டர், பிருந்தா முழங்காலில் எழுந்து நின்றுவிட்டாள், கடலை உருண்டு ஓடுகிறது, மிதிலே, போலே, மிதி என்று குமரகுருபரன் கத்துகிறார், யாரைச் சொல்கிறார் என்று அவருக்கே தெரியவில்லை, இல்லை, தெரிந்தது, லெனார்டைத்தான்! இவரே மடித்து வைத்த பக்கத்தில் கடைசி இருநூறு மீட்டர் லேசாக ஏற்றம் இருந்திருக்கிறது, அது மகளும் பார்க்காதது, எழுபத்தெட்டுக் கிலோ மறுபடி கனக்கத் தொடங்கியது, ரிவாஸின் சக்கரமும் லெனார்டின் சக்கரமும் ஒன்றாகக் கோட்டைத் தொட்டன, யார் என்று தெரியவில்லை, போட்டோ பார்க்கிறார்களாம். கையில் சிவப்புப் பேனா இருந்தது. ரிமோட்டைத் தள்ளிவிட்டுக் காகிதத்தை எடுத்து, நாற்காலிக் கையில் வைத்தே கையெழுத்துப் போட்டார், டிரிப் ஷீட்டில் போடுகிற அதே கையெழுத்து, கடைசி எழுத்து மட்டும் கொஞ்சம் இழுத்துக்கொண்டு போயிற்று, காகிதத்தை ரிமோட்டுக்குப் பக்கத்திலேயே திரும்ப வைத்தார்.

போட்டோ வந்தது. ரிவாஸ், அரைச் சக்கரத்துக்கும் குறைவு. போனில் மைதீன் குதிக்கிறான், அண்ணாச்சி, சொன்னது சொன்னபடி, நீரு மனுசனே இல்ல வே! பிருந்தா டீவியைப் பார்த்தாள், உதட்டைக் கடித்துக்கொண்டாள், நீங்கதாம்ப்பா ஜெயிச்சிய என்று சொல்லிவிட்டு ரிமோட்டை எடுக்கக் குனிந்தவள் காகிதத்தைப் பார்த்தாள், மையைத் தொட்டுப் பார்த்தாள், ஈரம் விரலில் ஒட்டியது, அதற்கப்புறம் அடுக்களைக்கு ஓடினாள், அம்மா அம்மா என்று, அங்கே ஏதோ பாத்திரம் விழுந்தது. குமரகுருபரனுக்குச் சிரிப்பாக வந்தது, எட்டு நாள் சரி, பாதி மலையைப் பார்க்காமலே எட்டு நாள் சரி, அதையெல்லாம் இன்னொரு நாள் மைதீனிடம் சொல்ல வேண்டும். வலது காலைத் தரையிலிருந்து எடுத்தார், மரத்துப்போயிருந்தது. நாளைக் காலை ஐந்தரை மணிக்கு வழக்கம்போல அவள் சைக்கிளை வாசலில் இறக்குவாள், தொப்பியை மாட்டுவாள், ஒரு காலை ஊன்றி நின்று திரும்பிப் பார்ப்பாள், ஏதாவது சொல்லி அனுப்ப வேண்டுமே, சொல்லாமல் அனுப்பினால் அதுவும் நன்றாக இருக்காது... உதட்டை அசைத்துப் பார்த்தார், வேறு ஒரு சொல், ஏதாவது ஒரு சொல். வருஷக்கணக்கில் சொன்ன அந்தச் சொல்தான் திரும்பத் திரும்ப வந்து நின்றது.