ஐந்து கட்டக் குழி

ராம்ப்ரசாத் சாருக்கு நான் வைத்த குழி பிடிக்கவில்லை. திருப்பதியில் செல்போன் விளையாட்டு தயாரிக்கும் சின்ன கம்பெனி. அவர் முதலாளி, நான் லெவல் அமைத்துச் சோதித்துப் பார்க்கிறவள். எங்கள் விளையாட்டில் ஒரு வெள்ளாட்டுக்குட்டி பாறைக்குப் பாறை தாவும். விரலை அழுத்திப் பிடித்தால் நாலு கட்டம் தாண்டும். குழியை மூன்றரைக் கட்டத்தில் வைத்திருந்தேன். கடைசி நொடியில் குளம்பு விளிம்பைத் தொடும்போது யாருக்கும் சிரிப்பு வரும்.

"நன்னாத்தான் இருக்கு சந்தியா. எல்லாரும் தாண்டிட்டா இறக்கையை யார் வாங்குவா? அஞ்சாக்கிடு."

காசு கட்டி இறக்கை வாங்கினால் குட்டி கொஞ்ச நேரம் பறக்கும். ஆசைக்கு வைத்தது அது. வழியை அடைத்துவிட்டு விற்கவா வைத்தேன்? ஆனாலும் சொன்னபடி ஐந்தாக்கினேன். போதாதென்று குழிக்கு மேல் ஒரு கொக்கையும் பறக்கவிடச் சொன்னார். இடித்தால் குட்டி காலி.

விளையாட்டு வெளியாகி இரண்டு வாரம் இருக்கும். ஞாயிற்றுக்கிழமை அக்கா கலைவாணி விரல்களுக்கு எண்ணெய் தேய்த்துக்கொண்டிருந்தாள். எங்கள் ஊரான குடுபல்லியை விட்டு வந்ததும் படிப்பை நிறுத்திவிட்டு ஸ்ரீ சிட்டியில் தொழிற்சாலை வேலைக்குப் போனவள். அந்தச் சம்பளத்தில்தான் நான் படித்தேன்.

"இன்னாக்கா, கையில?"

"உன் ஆட்டத்துல அந்தக் குழிய தாண்ட முடிலடி. பத்து நாளா பஸ்ல குதிச்சிக்கினே கீறேன். ஸ்க்ரூ போட்டுப் போட்டு விரலு மரத்துப்போச்சு போல. சூப்பர்வைசர் கண்டுபுடிச்சி தொரத்தறதுக்குள்ள நானே நின்னுடலாம்னு கீறேன்."

தாண்டவே முடியாத குழியைத் தோண்டிவிட்டு, விழுந்தவளைத் தன் கையையே சந்தேகப்பட வைத்திருக்கிறோம். தோண்டியவள் நான்.

"யாராலயும் முடியாதுக்கா. வேணும்னே அப்டி வெச்சிக்கீறோம்."

"போடி. எனக்காவச் சொல்ற."

போனைப் பிடுங்கினேன். எதிரியை முட்டினால்தான் சாவு, அதன் தலைமேல் குதித்தால் குட்டி எகிறும் என்பது நான் எழுதிய விதி. கொக்கும் எதிரிதானே? பத்தொன்பது தடவை விழுந்தேன். இருபதாவது தடவை குட்டி கொக்கை மிதித்து எகிறி அக்கரையில் நின்றது.

அக்காவிடம் கொடுத்தேன். மூன்றாவது முயற்சியிலேயே தாண்டினாள்.

"அப்ப என் விரலு நல்லாத்தான் கீதா?" என்று கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். பிறகு கத்தினாள். "எவன்டி அந்தக் குழிய வெட்னவன்? நாசமாப் போவ!"

நான் எண்ணெய்ப் புட்டியை எடுத்து மூடி வைத்தேன்.

திங்கட்கிழமை சாயந்திரம் கம்பெனி பஸ்ஸிலிருந்து போன் செய்தாள். பஸ் முழுக்கப் பெண்கள் "கொக்கு! கொக்கு!" என்று கூச்சல் போடுவது கேட்டது.

அந்த வாரக் கடைசியில் ராம்ப்ரசாத் சார் கூப்பிட்டார். "இறக்கை விக்கவே மாட்டேங்கறதே. குழியில ஏதாவது ஓட்டை இருக்கா?"

கண்டுபிடித்துச் சொல்வதுதான் என் வேலை. சொன்னால் அன்றைக்கே கொக்கை எடுத்துவிடுவார்.

"இல்ல சார்."

"நன்னா பாத்தியோ?"

"பாத்தேன் சார். எங்க அக்கா பத்து நாள் குதிச்சிப் பாத்தா. விரல்ல கோளாறுன்னு வேலைய விடப் போனா."

"பேஷ்!" என்று சிரித்தார்.

அந்தச் சிரிப்பைப் பார்த்த பிறகு, பொய் சொன்னதற்காக எனக்கு ஒரு துளி வருத்தமும் இல்லை.