துரையிடம் கேட்ட கேள்வி

மலாயாவில், மம்பாவுக்கு அப்பாலிருந்த ரப்பர் தோட்டத்தில் காதர் மைதீன் மளிகைக் கடை வைத்திருந்தார். அவர் மகள் ஹசீனா பேகம் தோட்டப் பள்ளியில் நாலாம் வகுப்பு. அது ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பத்துமூன்றாம் வருஷம்.

பூகோளப் பாடத்தில் தங்கராஜு வாத்தியார் வெள்ளைக்காரர் பழக்கங்களைச் சொல்லிக்கொண்டு வந்தவர், வெளிக்குப் போனால் அவர்கள் தண்ணீர் தொடுவதில்லை, காகிதம்தான் என்று சொல்லிவிட்டார். வகுப்பு விழுந்து விழுந்து சிரித்தது. ஹசீனா முகம் சுளித்தாள். கை கால் கழுவாமல் ஓதும் கிதாபைத் தொடவிடாத வீட்டுப் பிள்ளை அவள்.

"சிரிக்கப்படாது!" என்றார் வாத்தியார். "எந்த நாட்டுக்காரனுக்கும் ஒரு காரணம் இருக்கும். மரியாதையா கேட்டா சொல்லுவான்."

அவர் பேச்சுக்குத்தான் சொன்னார். ஹசீனா நம்பிவிட்டாள்.

அன்று மாலை தோட்டத்துப் பெரிய துரை கடைக்குச் சுருட்டு வாங்க வந்தார். காதர் மைதீன் முகமெல்லாம் பல்லாகச் சலாம் போட்டார். ஹசீனா முக்காட்டைச் சரிசெய்துகொண்டு முன்னால் வந்து நின்றாள்.

"மன்னிக்கணும் துரை. நீங்க ஏன் தண்ணி ஊத்தாம காகிதத்துல தொடைக்கிறீங்க?"

துரைக்குத் தமிழ் தெரியும். அதுதான் வினை. காதர் மைதீனின் தராசிலிருந்த பருப்பு தரையில் கொட்டியது.

"யா அல்லா! புள்ளைக்குக் காய்ச்சல் துரை, உளறுது!"

துரையின் முகம் செக்கச்செவேலென்று ஆயிற்று. பிறகு குனிந்தார். "எங்க ஊர்லே தண்ணி ஐஸ் மாதிரி, பாப்பா. பட்டா உசிரு போயிடும்."

ஹசீனாவுக்கு அது நியாயமாகத்தான் பட்டது. "இங்கதான் தண்ணி ஜில்லுன்னு இல்லையே துரை?"

"நீங்க ஏன் அஞ்சு வேளை கால் கழுவறீங்க?" என்று துரை திருப்பிக் கேட்டார்.

"அல்லாவுக்கு முன்னால அழுக்கா நிக்கலாமா?"

துரை தலையாட்டினார். போகும்போது மூக்கு வைத்த தகரக் கெண்டி ஒன்றும் வாங்கிக்கொண்டார். எதற்கென்று மகள் கேட்பதற்குள் காதர் மைதீன் அவள் வாயைப் பொத்தினார்.

மறுநாள் வாத்தியாரைப் பிடித்துக்கொண்டார். "ஆறு, மலை சொல்லிக் குடுங்க லா! துரை குண்டி உங்களுக்கு எதுக்கு?" வேலை போச்சு என்று வாத்தியார் தலையில் கைவைத்துக்கொண்டார். ஆனால் வேலை போகவில்லை.

மூன்றாம் நாள் காதர் மைதீன் மெல்லக் கேட்டார். "ஏம்மா, சப்பான்காரன் எப்படியாம்? தண்ணியா, காகிதமா?"

"வாத்தியாருக்கே தெரியலே வாப்பா. கேட்டாத்தான் தெரியும்."

வெள்ளிக்கிழமை பக்கத்து டவுனான சிரம்பானில் ஜும்ஆ தொழுகை முடிந்ததும், மகளோடு ஒரு ஜப்பானியரின் படக்கடைக்குள் நுழைந்தார். கேமராவுக்கு முன் உட்கார்ந்து, "நீ கேளு," என்று அவளை இடித்தார்.

"நீங்க கேளுங்க வாப்பா."

கடைசியில் காதர் மைதீனே மலாய் மொழியில் கேட்டுவிட்டார். கறுப்புத் துணிக்குள்ளிருந்து தலையை நீட்டிய படக்காரர், வந்தவருக்கு அவசரம்போலும் என்று நினைத்து, குனிந்து வணங்கிக் கொல்லைப்புறக் கதவைக் காட்டினார். மறுத்தால் மரியாதையில்லை என்று காதர் மைதீன் போய்விட்டு வந்தார்.

"என்ன வாப்பா இருந்துச்சு?"

"ரெண்டுமே வெச்சிருக்கான்மா," என்றார் காதர் மைதீன், பெருமதிப்போடு.