வரிசையில் நின்ற பணம்

காலையிலிருந்து கைப்பேசியைப் பார்த்துப் பார்த்துப் பெரியவருக்குக் கண் பூத்துவிட்டது. 'காத்திருப்பில்' என்ற சொல் அசைவதாக இல்லை.

தங்கையின் கணவர் தொடங்கும் அச்சகத்துக்கு இயந்திரம் தன் பொறுப்பு என்று ஊரறியச் சொல்லியிருந்தார். வெளிநாட்டு வியாபாரி பிட்காயினில்தான் பணம் வாங்குவான். மாலைக்குள் வராவிட்டால் இயந்திரம் வேறு ஆளுக்கு. பெரியவர் நேற்றே அந்த மாப்பிள்ளைக்குப் பணத்தை அனுப்பிவிட்டார்; அவர் அதை வியாபாரிக்குச் செலுத்த வேண்டும். பதிவு செய்பவனுக்குக் கட்டணம் எவ்வளவு என்று கேட்ட இடத்தில், முகம் தெரியாதவனுக்கு எதற்குத் தண்டம் என்று ஆகக் குறைந்ததை வைத்தார். பணம் கிளம்பியது. ஆனால் கொடுக்கல் வாங்கல்களைச் சேர்த்துக் கட்டிப் பதிகிற பிளாக் எதிலும் ஏறவில்லை. கட்டணம் கூட்டி வைத்தவர்கள் முந்திக்கொண்டார்கள்.

பெரியவருடைய மின்சாதனக் கடையில், பெட்டிகளுக்கு நடுவே மாப்பிள்ளை நின்றுகொண்டிருந்தார். இங்கே வந்தால் அவர் நிற்பார்தான். உட்காரச் சொல்ல யாருக்கும் தோன்றியதில்லை.

"மச்சான், ஒரு வழி இருக்கு. தப்பா எடுத்துக்கக் கூடாது."

"சொல்லித் தொலைங்க."

"வந்து சேராத அந்தப் பணத்தையே நான் வியாபாரிக்கு அனுப்புறேன். கட்டணத்தைத் தாராளமா வச்சு."

"கைக்கு வராத பணத்தையா? நல்லாயிருக்கு கதை!"

"அனுப்பலாம். உங்களது ஏறாம என்னோடது ஏறாது. என் கட்டணத்துக்கு ஆசைப்படுறவன் உங்களதையும் சேர்த்துத்தான் ஏத்தணும். ஒரே பிளாக். உங்களது முன்னால, என்னோடது பின்னால."

"கட்டணம் போனா விலைக்குத் துண்டு விழுமே?"

"அதை நான் போட்டுக்கறேன்."

பெரியவருடையது யாரிடமும் கை நீட்டாத குடும்பம். அதுவும் பெண் கொடுத்த இடத்திலா? சொன்ன சொல் போவதா, வீம்பு போவதா? கடைசியில் களைப்புதான் முடிவு செய்தது.

"செய்ங்க."

கடை விளக்குகளைப் போடும் நேரத்தில் இரண்டும் ஒன்றாக ஏறின. இயந்திரம் உங்களுக்குத்தான் என்று வியாபாரி எழுதினான். உடனே தங்கை அழைத்தாள்.

"அண்ணா, நீ வாக்குக் குடுத்தா குடுத்ததுதான்! இந்த மனுஷன்தான் காலையிலேர்ந்து பதறிட்டிருந்தாரு."

மாப்பிள்ளை காதில் விழாததுபோல் ஒரு மின்விசிறியின் விலைச்சீட்டைப் படித்துக்கொண்டிருந்தார். பெரியவர் 'ம்' என்று சொல்லி முடித்திருக்கலாம்.

"என் பணம் பாதி வழியில நின்னுடுச்சும்மா," என்றார் பெரியவர். "உன் வீட்டுக்காரர்தான் இழுத்துட்டுப் போய்ச் சேர்த்தாரு."

"என்னண்ணா சொல்றே?"

"அவரையே கேளு."

கைப்பேசியை மாப்பிள்ளையிடம் நீட்டினார். முட்டியைப் பிடித்துக்கொண்டு நாற்காலியிலிருந்து எழுந்தார்.

"நின்னுகிட்டே பேசாதீங்க. உக்காருங்க."