எலியேசர் வாத்தியாரின் ஓய்வுநாள்

மாரித்தாய் கொண்டுவந்த கஞ்சிப் பானையை எலியேசர் வாத்தியார் இரண்டு கையாலும் தூக்கிப்போய் முருங்கை மூட்டில் கவிழ்த்தார். ஒரு பருக்கை ஒட்டாமல் உதறி, காலிப் பானையை அவளிடமே திருப்பிக் கொடுத்தார். எட்டுப் பிள்ளைகள் வாசலில் வரிசையாக நின்று கஞ்சி மண்ணுக்குள் இறங்குவதைப் பார்த்தார்கள். மூத்தவள் ஜெபகனி உள்ளே அம்மாவின் கால் பெருவிரல்களைச் சேர்த்துக் கட்டிக்கொண்டிருந்தாள். ஜன்னல் வழியாக அவளும் பார்த்தாள்.

“பிள்ளையளு நேத்துலேருந்து பட்டினி கிடக்கு, வாத்தியாரய்யா. செத்த வீட்டுக்குப் பக்கத்து வீட்டுக் கஞ்சி வாரது வழக்கந்தானே,” என்றாள் மாரித்தாய்.

“இன்னைக்குச் சனிக்கெழம. எங்களுக்கு ஓய்வுநாள். இன்னைக்கு அடுப்பு மூட்டி ஆக்குனது இந்த வீட்டுப் படியேறப்படாது. உனக்குச் சொன்னா விளங்காது, போ.”

மாரித்தாய் பானையை இடுப்பில் வைத்துக்கொண்டு, “நல்லா இருக்குய்யா உங்க சாமி,” என்று சொல்லிவிட்டுப் போனாள்.

சாமியைச் சொல்லிக் குற்றமில்லை. எலியேசர் முன்பு மிஷன் கோயிலில் உபதேசியாராக இருந்தவர். ஒரு நாள் கோயிலில் அவருடைய நாற்காலியை முதல் வரிசையிலிருந்து இரண்டாம் வரிசைக்கு மாற்றிவிட்டார்கள். அந்த வாரமே அவருக்குப் பரலோகத்திலிருந்து வெளிச்சம் கிடைத்தது. ஞாயிறு ஆராதனை தப்பு, சனிக்கிழமைதான் சரி. சுத்த சபை என்று பேர் வைத்துத் தனியே கிளம்பினார். கூட நாலைந்து குடும்பங்களும் வந்தன. சனிக்கிழமைதோறும் ஆறின சோறு தின்று பார்த்ததும், அவர்களுக்கு ஞாயிற்றுக்கிழமையே போதும் என்றாகிவிட்டது. மிச்சம் நின்றது அவர் பெண்டாட்டி பிள்ளைகள்தான். போக இடம் இருந்தால் அவர்களும் போயிருப்பார்கள்.

மிஷன் பள்ளிக்கூடத்துக்குப் பிள்ளைகளை அனுப்ப மாட்டார். கெட்டுப்போவார்களாம். வீட்டு முன்னறைதான் பள்ளிக்கூடம். சாலொமோன் கட்டிய ஆலயம் எத்தனை முழ நீளம், எத்தனை முழ உயரம் என்று ஆறு வயது எஸ்தரைத் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்லுவாள். மீன்காரியிடம் காலணா கொடுத்தால் மீதி என்ன வாங்கவேண்டும் என்று பன்னிரண்டு வயது சாமுவேலுக்குத் தெரியாது. அத்தனை பேரையும் அடுப்படியில் உட்காரவைத்து, விரலைப் பிடித்துச் சாம்பலில் எழுத்துப் பழக்கியவள் அம்மா அன்னாள். ஆள் வரும்போது பிள்ளைகளை நிறுத்தி ஒப்பிக்கச் சொல்லி, மீசையைத் தடவிக்கொள்பவர் வாத்தியார்.

பேர் வைத்ததும் அவரே. ஜெபகனி, தாத்தா வைத்த பேர். சபை பிரிந்தபின் பிறந்ததெல்லாம் வேதப்புத்தகத்தின் வரிசைப்படி. ரூத், சாமுவேல், ராஜா. அடுத்து நாளாகமம் என்று வைக்க இருந்த பிள்ளை பிறந்த அன்றே தப்பித்துக்கொண்டது. அப்புறம் எஸ்றா, நெகேமியா, எஸ்தர், யோபு. மூன்று வயதுக் கடைக்குட்டியின் பேர் சங்கீதம். அடுத்தது நீதிமொழிகள்தான் என்று ஊர்ப் பையன்கள் சொல்லிச் சிரிப்பார்கள். அன்னாள் அதற்கு இடம் கொடுக்காமல் போய்விட்டாள்.

வெள்ளிக்கிழமை பொழுதடையுமுன் சனிக்கிழமைக்கும் சேர்த்துப் பொங்கி வைப்பது அன்னாளின் வேலை. இந்த வெள்ளிக்கிழமை அவள் காய்ச்சலில் பிதற்றிக்கொண்டு கிடந்தாள். ஜெபகனி பக்கத்தில் இருந்து நெற்றிக்கு ஈரத்துணி போட்டுக்கொண்டிருந்தாள். சோறு பொங்க ஆளில்லை என்பது, வாத்தியார் அடுப்பில் தண்ணீர் தெளித்து அணைத்தபிறகுதான் எல்லாருக்கும் உறைத்தது. “அதுவும் நல்லதுக்குத்தான். உபவாசம்னு வச்சுக்கிடுவோம்,” என்றார். விடியக்காலம் அன்னாள் செத்துப்போனாள். ஓய்வுநாளில் குழி வெட்டக்கூடாது, பொழுதடைந்துதான் அடக்கம் என்று சொல்லிவிட்டார். வெளியே பங்குனி வெயில் காய்ந்தது. ஈயை விரட்டி விரட்டி ரூத்துக்குக் கை ஓய்ந்தது.

உச்சி வேளையில் ஒரு மாட்டுவண்டி வந்து நின்றது. யூனிஸ் சித்தி இறங்கினாள். பாளையங்கோட்டைப் பள்ளிக்கூடத்தில் டீச்சர். அக்காளுக்கு முடியவில்லை என்று கேள்விப்பட்டு, அம்பாசமுத்திரத்தில் ரயில் இறங்கி, வண்டி பிடித்து வந்தவள். உள்ளே வந்து பார்த்தாள். “அக்கா, என்னக்கா இது, இந்தக் கோலத்துல கிடக்கியே,” என்று அம்மாவின் மார்பில் விழுந்தாள். வாத்தியார், ஓய்வுநாளில் சத்தம் போட்டு அழக்கூடாது என்றார். சித்தி இன்னும் உரக்க அழுதாள்.

அழுது முடித்து, முகத்தைத் துடைத்துக்கொண்டு நேராக விஷயத்துக்கு வந்தாள்.

“அத்தான், கனிய என்கூட அனுப்புங்க. வாத்திச்சி படிப்புக்குச் சேத்துவிடுதேன். அக்கா ரெண்டு வருசமாக் கேட்டுக்கிட்டிருந்தா. சரின்னு நீங்களும் தலையாட்டுனிய.”

வாத்தியார் எழுந்து நின்றார். துட்டி கேட்க வந்த மிஷன் தெருக்காரர்கள் முற்றத்தில் இருந்தார்கள். ஆள் கூட்டம் கண்டுவிட்டால் அவருக்குக் குரல் தானாக ஏறிவிடும்.

“எல்லாரும் கேட்டுக்கோங்க. இந்தக் குடும்பத்துக்கு இனிமே தாய் ஜெபகனிதான். பொங்குததும் அவதான், சின்னதுகளுக்குப் பாடஞ் சொல்லுததும் அவதான். கலியாணங்காச்சின்னு யாரும் இந்தப் படியேற வேண்டாம். இது கர்த்தருடைய தீர்மானம்.”

ஜெபகனிக்குப் பதினேழு வயது. கர்த்தர் தன்னிடம் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம் என்று நினைத்தாள். வாத்தியார் அதோடு நிற்கவில்லை. பிள்ளைகளைப் பிணத்தின் தலைமாட்டில் வரிசையாக நிறுத்தி, ஆதாமிலிருந்து வம்ச வரலாற்றை ஒப்பிக்கச் சொன்னார். ஐந்து வயது யோபு, நோவா வரைக்கும் சொல்லிவிட்டுக் கண் சொருகிக் கீழே உட்கார்ந்தான். “தூக்கம்,” என்றார் வாத்தியார்.

ஜெபகனி தம்பியின் முகத்தில் தெளிக்கத் தண்ணீர் எடுக்கக் கிணற்றடிக்குப் போனாள். திரும்பும்போது வைக்கோல்படப்புக்குப் பின்னால் யாரோ உஸ் உஸ் என்று ஊதும் சத்தம் கேட்டது. எட்டிப் பார்த்தாள். வாத்தியார் குந்தியிருந்தார். கையில் மாரித்தாய் வீட்டுச் செம்பு. ஆவி பறந்தது. சுக்கு வாசம் அடித்தது. பெரிய சொற்பொழிவு அங்கே முடிந்து இங்கே வருவதற்குள் எப்படித்தான் கேட்டு வாங்கினாரோ.

அவளைக் கண்டதும் செம்பை மறைக்கப் பார்த்தார். பிறகு வேண்டாம் என்று விட்டுவிட்டார்.

“எனக்கு இளைப்பு. ஓய்வுநாள்ல ஆடு குழியில விழுந்தா தூக்கிவிடலாம்னு இருக்கு. தெரியும்லா?”

“தெரியும் ஐயா.”

“எந்த அதிகாரம், சொல்லு.”

அவள் சொன்னாள்.

“வசனம்?”

அதையும் சொன்னாள். “நல்லது,” என்று தலையாட்டிவிட்டு மீதியைக் குடித்தார்.

நேற்று ராத்திரி அம்மா கேட்டதும் வெந்நீர்தான். தொண்டை அடைக்கிறது கனி, ஒரு வாய் சுடுதண்ணி தாயேன் என்று கையைப் பிடித்துக்கொண்டு கேட்டாள். நாளைக்குப் பொழுதடையட்டும் என்றார் ஐயா. தீப்பெட்டியை மடியில் முடிந்துகொண்டு போய்ப் படுத்தார். அப்போது ஆடு எதுவும் குழியில் விழவில்லை போலிருக்கிறது.

ஜெபகனிக்கு அழுகை வரவில்லை. இத்தனை நாள் இந்த மனிதனுக்கா பயந்தோம் என்று வெட்கமாக இருந்தது. செம்பின் ஓரத்தை நக்கிக்கொண்டு குந்தியிருக்கும் இந்த ஆளுக்கா அம்மா பதினைந்து வருஷம் ஆறின சோறு தின்றாள்!

உள்ளே போய் யோபுவின் முகத்தில் தண்ணீர் தெளித்துவிட்டு, சித்தியின் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

“சித்தி, வண்டிய அனுப்பிராதிய. அடக்கம் முடியிற மட்டும் நிக்கட்டும்.”

“வாரியாட்டி?” சித்தியின் முகம் மலர்ந்தது.

“தனியா வரல. எல்லாரும் வாரோம்.”

“ஏட்டி, ஒம்பது பேரா! ஒருத்தின்னா யார் காலையாவது பிடிச்சுப் போர்டிங்ல சேத்துருவேன். ஒம்பது பேர எங்க கொண்டு வைக்க?”

“உங்க வீட்டுத் தரையில படுக்கோம். இதுகள இந்த ஆளுகிட்ட விட்டுட்டு நான் மட்டும் போய் என்ன படிக்க?”

சித்தி அக்காளின் நெற்றியில் சரிந்திருந்த முடியை ஒதுக்கிவிட்டாள். பிறகு வெளியே போய் வண்டிக்காரன் தளவாயிடம் மாட்டுக்கு வைக்கோல் போடச் சொன்னாள்.

பொழுதடைந்ததும் வெட்டியான் பூதத்தான் வந்து குழி வெட்டினான். மிஷன் கல்லறையில் சுத்த சபைக்கு இடமில்லை. ஆற்றுக்குப் போகும் வழியில், அவர்களுடைய விளைநிலத்திலேயே அன்னாளை வைத்தார்கள். தீவட்டி வெளிச்சத்தில் வாத்தியார் பிரசங்கம் செய்தார். சபைக்காகத் தாம் பட்ட பாடுகளையெல்லாம் விவரமாகச் சொன்னார். அன்னாள் பேரை ஒரே ஒரு தடவை, முடிக்கும்போது சொன்னார்.

வீட்டுக்கு வந்தபோது மாரித்தாய் மறுபடியும் கஞ்சியோடு நின்றாள். இப்போது தடை இல்லை. பிள்ளைகள் மூச்சு விடாமல் குடித்தார்கள். வாய் துடைக்குமுன் வாத்தியார் கை தட்டினார். குடும்ப ஜெபம்.

எல்லாரும் முழங்கால் போட்டார்கள். அவர் ஆமென் சொல்லும்வரை யாரும் கண் திறக்கக்கூடாது. அந்த வீட்டில் இதற்கு மேல் ஒரு சட்டம் கிடையாது. ஒரு தடவை நடுவில் கண் திறந்த நெகேமியாவுக்குப் புளியங்கம்பால் கிடைத்தது. அன்னாள்கூடப் பால் பொங்கினாலும் கண் திறக்க மாட்டாள். வாத்தியார் சும்மா நாட்களிலேயே உலக சிருஷ்டிப்பில்தான் தொடங்குவார். இன்று மனைவியை இழந்த நாள். தொண்டையைக் கனைத்துக்கொண்டு, அதற்கும் முன்னாலிருந்து தொடங்கினார்.

ஜெபகனி கண்ணைத் திறந்தாள். ஐயாவின் முகத்தை நிதானமாகப் பார்த்தாள். இமை இறுக மூடியிருந்தது. தம்முடைய குரலைத் தாமே கேட்டு லயித்திருந்தார்.

அவள் எழுந்து ரூத்தின் தோளைத் தொட்டாள். உதட்டில் விரல் வைத்துக் காட்டினாள். ரூத் எஸ்தரைத் தூக்கிக்கொண்டாள். சித்தி யோபுவை எடுக்கக் குனிந்தாள். அப்போது சாமுவேல் கண் திறந்தான். ஐயாவுக்குப் பிடித்த மாணவன், ஒரு வசனம் பிசகாதவன். அக்காளைப் பார்த்தான், ஐயாவைப் பார்த்தான். அவன் வாய் திறந்தால் அதோடு எல்லாம் முடிந்தது. ஜெபகனி அசையாமல் நின்றாள். சாமுவேல் சித்தியை விலக்கிவிட்டு, யோபுவைத் தானே தோளில் போட்டுக்கொண்டு முன்னால் நடந்தான்.

“கீழ்ப்படிதலுள்ள ஒன்பது பிள்ளைகளை அடியேனுக்குத் தந்தீரே, சுவாமி,” என்றார் வாத்தியார்.

சின்னதுகளை வண்டியில் ஏற்றினார்கள். அவர்களைப் பிடித்துக்கொள்ள ஜெபகனியும் சித்தியும் ஏறினார்கள்; மற்றவர்கள் பின்னால் நடந்தார்கள். தளவாய் மாட்டின் மணியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டான். அவனுக்கு யாரும் சொல்லவில்லை.

“பின்னாலேயே வந்து நிப்பாரு, கனி,” என்றாள் சித்தி மெதுவாக.

“வரட்டும் சித்தி. முதல்ல முடிக்கட்டும்.”

வண்டி வாய்க்கால் பாலத்தைத் தாண்டியது. வாத்தியாரின் குரல் இன்னும் கேட்டது. யாக்கோபும் பிள்ளைகளும் எகிப்துக்குப் போய்க்கொண்டிருந்தார்கள். ஜெபகனியின் மடியில் சங்கீதம் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தாள். கை கூப்பியபடி இருந்தது. தூக்கிக்கொண்டு வந்தபோதும், வண்டியில் ஏற்றியபோதும் அவள் கண்ணைத் திறக்கவேயில்லை.

“அக்கா, ஆமென் சொல்லியாச்சா?”

“இன்னும் இல்லட்டி.”

சங்கீதம் கண்ணை இன்னும் இறுக்கி மூடிக்கொண்டாள்.