மீட்டரில் எழுபத்து நாலாயிரம்

டைமிங் பெல்ட்டை எப்போது மாற்றுவது என்று கேட்டு வருகிறவர்களுக்கு நான் சொல்லும் பதில் ஒன்றுதான். வண்டி எத்தனை கிலோமீட்டர் ஓடியிருக்கிறது என்று பார். ஒரு லட்சம் ஆகிவிட்டதா, மாற்று. நன்றாகத்தானே ஓடுகிறது, சத்தம்கூட வரவில்லையே என்று இழுக்கிறவனைப் பார்த்தால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். அது ரப்பர் பட்டை, ஐயா. இன்ஜினின் மேல் பாதியும் கீழ்ப் பாதியும் ஒன்றோடொன்று முட்டிக்கொள்ளாமல் சுற்றுவது அந்தப் பட்டையால்தான். அறுவதற்கு முன்னால் அது ஆள் விட்டுச் சொல்லி அனுப்பாது. அறுந்தால் ஓடுகிற வண்டி ஓடுகிற இடத்திலேயே செத்துப்போகும், ஸ்டீயரிங் இறுகிப்போகும், பிரேக் இரண்டு மிதிக்கு மேல் பிடிக்காது. இருபத்தாறு வருடமாக இதைச் சொல்லிச் சொல்லி வாய் தேய்ந்துவிட்டது.

என் தங்கையின் கணவர் இழுக்கிற ரகம் இல்லை. மருந்துக்கடைக்காரர். டப்பாவில் அச்சடித்திருக்கும் தேதியை அப்படியே நம்பித் தொழில் செய்கிறவர். தேதி தாண்டிய மருந்தை ஒரு நாள் அலமாரியில் வைத்திருக்க மாட்டார், தேதி இருக்கிற மருந்தை எவன் சொன்னாலும் தூக்கிப்போடவும் மாட்டார். நல்ல மனிதர். நல்ல மனிதர்களோடு குப்பை கொட்டுவது எவ்வளவு கஷ்டம் என்று எனக்குத்தான் தெரியும்.

ஒன்றரை வருடத்துக்கு முன்னால் என் பட்டறை வாசலில் ஒரு பழைய காரைக் கொண்டுவந்து நிறுத்தினார். முகமெல்லாம் பல்.

"உங்களுக்கு ஏன் சிரமம்னு நானே பாத்து வாங்கிட்டேன் மச்சான். அறுபத்தோராயிரம்தான் ஓடியிருக்கு. வீடு வீடா மருந்து கொண்டுபோய்க் குடுக்க ஆச்சு, பாப்பாவைப் பள்ளிக்கூடத்துல விடவும் ஆச்சு."

பானெட்டைத் திறந்தேன். பேட்டரிக்குக் கீழே இருக்கும் தகட்டில் ஒரு வெல்டிங் ஒட்டு இருந்தது. கோணல்மாணலான அந்த ஒட்டு நான் போட்டது. வண்டிக்குப் புதுப் பெயிண்ட் அடித்திருந்தார்கள், அதனால்தான் வெளியே நின்று பார்த்தபோது தெரியவில்லை.

அந்த வண்டியைப் பழசாக வாங்கிப் பழுது பார்த்து, அதற்கும் ஒரு வருடத்துக்கு முன்னால் ஒரு புரோக்கர் மூலம் விற்றவன் நான்தான். அப்போது அது ஒரு லட்சத்துப் பத்தாயிரம் ஓடியிருந்தது. பெல்ட் மாற்றவில்லை. மீட்டரைக் கழற்றி நாற்பத்தெட்டாயிரம் என்று திருப்பி வைத்தேன். எல்லோரும் செய்கிறதுதானே என்று செய்தேன். வாங்கப்போகிறவன் எவனோ, எங்கேயோ இருக்கிறவன், அவன் பாடு. அந்த எவனோ இரண்டு கை மாறி என் தங்கை வீட்டிலேயே வந்து உட்காருவான் என்று யார் கண்டது?

அன்றைக்கே சொல்லியிருக்கலாம். ஆனால் அவர் பக்கத்தில் நின்றுகொண்டு, "இந்தத் தொழில்ல பொய் சொல்லாத ஆளு என் மச்சான் ஒருத்தர்தான்னு நான் கடைக்கு வர்ற அத்தனை பேர்கிட்டயும் சொல்லுவேன்" என்றார். நான் பானெட்டை மூடிவிட்டேன். சரி, இரண்டு நாள் கழித்து ஏதாவது சாக்குச் சொல்லிப் பெல்ட்டை மாற்றிவிடலாம், விஷயம் தெரியாமலே முடிந்துவிடும் என்று நினைத்தேன்.

சாக்குச் சொன்னேன். ஒன்றா இரண்டா! பழசு ஆகிவிட்டது என்றேன். ஓசியில் மாற்றித் தருகிறேன் என்றேன். "ஓசின்னா வேணவே வேணாம், ஒரு லட்சம் வரட்டும், முறையா செய்வோம்" என்றார். ஆயில் மாற்ற வண்டியை விடும்போது சத்தமில்லாமல் செய்துவிடலாம் என்றால், மனிதர் வண்டியை விட்டு நகரவே மாட்டார். பக்கத்திலேயே ஸ்டூல் போட்டு உட்கார்ந்து வேடிக்கை பார்ப்பார்.

போன மாதம் மீட்டரில் எழுபத்து நாலாயிரம். உண்மையில் ஒரு லட்சத்து முப்பத்தாறாயிரம். எனக்குச் சோறு இறங்கவில்லை. நேராக அவர் வீட்டுக்கே போனேன். பெல்ட்டின் மேல்மூடியைக் கழற்றிக் காட்டினேன். தங்கையும் கையைத் துடைத்துக்கொண்டு வெளியே வந்து நின்றாள்.

அவர் டார்ச் அடித்துப் பார்த்தார். குனிந்து, நிமிர்ந்து, விரலால் தடவிப் பார்த்தார்.

"ஒரு கீறல்கூட இல்லையே மச்சான்?"

"பாத்தா தெரியாது மாப்ள. வெளியே புதுசு மாதிரிதான் இருக்கும். உள்ளே நூல் எல்லாம் நைஞ்சு போயிருக்கும்."

"பெல்ட்டைப் பாத்து முடிவு பண்ணக்கூடாது, ஓட்டத்தை வெச்சுத்தான் முடிவு பண்ணணும்னு நீங்கதானே ஊருக்கே சொல்றீங்க? ஓட்டம் எழுபத்து நாலுதானே ஆகுது?"

தொண்டை வரைக்கும் வந்தது. மீட்டர் பொய் மாப்ள, நான்தான் திருப்பினேன். இவ்வளவுதான். சொல்லி முடிக்க மூச்சு ஒன்று போதும். தங்கை என்னைப் பெருமையாகப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

"மாத்திடுங்களேன், அண்ணன் இவ்வளவு தூரம் வந்து சொல்றார்ல?" என்றாள்.

"உங்க அண்ணனுக்கு நம்ம மேல பாசம் ஜாஸ்தி, அதான் பயப்படுறார்" என்று அவர் சிரித்தார். நானும் சிரித்தேன், வெட்கங்கெட்டவன். மூடியை மாட்டிவிட்டு வந்துவிட்டேன்.

பதினோரு நாள் கழித்து, பட்டப்பகலில், பாலத்தின் ஏற்றத்தில் பெல்ட் அறுந்தது. பின்னால் சிமெண்ட் மூட்டை ஏற்றிய லாரி வந்துகொண்டிருந்தது. மகளைப் பள்ளிக்கூடத்தில் இறக்கிவிட்டுக் கடைக்குத் திரும்பும் வழி. ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகும்போதே உயிர் இல்லை.

எல்லாம் முடிந்த மறுநாள் தங்கை வீட்டு முன்னறையில் பிளாஸ்டிக் நாற்காலிகளில் ஆட்கள் உட்கார்ந்திருந்தார்கள். மாப்பிள்ளையின் அண்ணன் வருகிறவர்களிடமெல்லாம் ஒரே கதையைச் சொல்லிக்கொண்டிருந்தார். "மச்சான் தலைதலையா அடிச்சுக்கிட்டாரு, வீடு தேடி வந்து சொன்னாரு. இவன்தான் கேக்கல. அவ்வளவு கஞ்சத்தனம், அவ்வளவு வீம்பு." ஆளாளுக்கு என் கையைப் பிடித்துக்கொண்டார்கள். செத்தவனைத் திட்டினார்கள், என்னைத் தேற்றினார்கள்.

எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. எழுந்து சமையலறைக்குப் போனேன். தங்கை தனியாக நின்று டம்ளர் கழுவிக்கொண்டிருந்தாள். அவளிடம் சொல்லிவிட்டேன். வண்டி என்னுடையதாக இருந்தது, மீட்டரைத் திருப்பியது நான், அந்தப் பெல்ட் எப்போதோ போயிருக்க வேண்டியது, எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன்.

குழாயை மூடினாள்.

"அவருக்குத் தெரியுமா?"

"தெரியாது."

"அன்னிக்கு மூடியைத் திறந்து காட்டினியே, அப்ப சொல்லியிருக்கலாம்ல?"

"சொல்லியிருக்கலாம்."

"ஏன் சொல்லல?"

"வெக்கமா இருந்துச்சு."

அவள் என்னை அடிப்பாள் என்று நினைத்தேன். அடித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். அடுப்பு மேடையைப் பிடித்துக்கொண்டாள்.

"அப்பா அம்மா இல்ல. அவரும் இல்ல. பாப்பாவுக்குப் பன்னெண்டு வயசு. உன்னையும் விட்டுட்டு நான் எங்கண்ணா போவேன்?" என்றாள். அப்புறம் குரலைத் தாழ்த்தி, "இதை இன்னொரு தடவை வாயில எடுக்காத. யார்கிட்டயும்" என்றாள்.

முகத்தைக் கழுவிக்கொண்டு முன்னறைக்குப் போனாள். நானும் பின்னால் போனேன். யாரோ புதிதாக வந்திருந்தார்கள், மாப்பிள்ளையின் அண்ணன் மறுபடி முதலிலிருந்து ஆரம்பித்திருந்தார். கேட்டவர் தங்கையின் பக்கம் திரும்பினார். "அப்படியாம்மா? சொல்லியும் கேக்கலையா?"

"ஆமாங்க" என்றாள் தங்கை. "அவர் யார் பேச்சையும் கேக்கற ஆளே இல்ல."

மூலையில் உட்கார்ந்திருந்த பாப்பா எழுந்து என்னிடம் வந்தாள். அழுது அழுது கண் வீங்கியிருந்தது. என் சட்டையைப் பிடித்துக்கொண்டு கேட்டாள். "நீங்க சொன்னீங்கல்ல மாமா? ஏன் அப்பா கேக்கல?"

தங்கை என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"பிடிவாதம், கண்ணு" என்றேன்.