ஆறடி தள்ளி நிண்ணு பாத்தா

போஸ்டர்னா ஆறடி தள்ளி நிண்ணு பாத்தாலே விசயம் மண்டையில ஏறணும்னு ஜெபகுமாரி டீச்சர் சொல்லியிருந்தாங்க. எழுத்து கொஞ்சமா இருக்கணும், வெறும் எடம் நெறைய விடணும், நடுவுல ஒரே ஒரு படம். பக்கத்துல வந்து படிச்சாத்தான் புரியும்னா அது தோத்த போஸ்டராம்.

பிளஸ் டூ படிக்கிற பெபிஷா அதை அப்பிடியே மனசுல வச்சிருந்தா. திங்கக்கெழமை நாகர்கோவில்ல மாவட்ட அறிவியல் மாநாடு. அவளும் கூட்டுக்காரி பிரிஜாவும் ஒரு வருசமா மாசாமாசம் டேப்பு பிடிச்சு, கல்லறைத்தோட்டத்து மதில்ல இருந்து தண்ணி வரைக்கும் அளந்துகிட்டு வந்தாளுவ, கடல் எவ்வளவு கரையைத் தின்னுருக்குன்னு பாக்க. கடசி அளவு சனிக்கெழமை எடுக்கணும். அதுக்கு ஒரு கட்டத்தை மட்டும் சும்மா விட்டு, ஆய்வு தொடங்கின தேதியையும், முடியிற தேதின்னு அந்தச் சனிக்கெழமையையும் எழுதிக் குடுத்தா. குழுத்தலைவி படம் வேணும்னு விதி இருந்ததால தன் போட்டோவையும் குடுத்தா.

தக்கலையில பிளெக்ஸ் அடிக்கிற சுஜின் அண்ணனுக்கு கல்யாண பிளெக்சும் கண்ணீர் அஞ்சலி பிளெக்சும் அடிச்சுப் பழகின கை. டீச்சர் சொன்னதை இவ ஒப்பிச்சதும், "கொள்ளாம் மக்களே, அதுக்கு நம்மகிட்ட ரெடி டிசைனே கெடக்கு"ன்னாரு.

அடிச்சதைச் சுருட்டினபடியே வாங்கிட்டு வந்து, வீட்டுச் செவுத்துல ஆணியில மாட்டினா. மீன் அறுத்த கையோட அடுக்களையில இருந்து எட்டிப் பாத்த அம்மா கிளாரா, அங்கனயே நிண்ணு நெத்தியில சிலுவை போட்டா. பொறவு பையக் கேட்டா.

"ஆருக்கு மக்கா?"

பெபிஷா பின்னால நடந்து அம்மா பக்கத்துல போயி நிண்ணு பாத்தா. சுத்தி கறுத்த கரை. நடுவுல முட்டைவட்டத்துக்குள்ள அவ மொகம். கீழ அவ பேரு. பேருக்கு அந்தப் பக்கமும் இந்தப் பக்கமும் ரெண்டு தேதி. கடலும் கணக்கும் அடியில பொடியாக் கெடந்தது, ஒண்ணும் தெரியல்ல. தெரிஞ்சது ஒரே விசயந்தான். பெபிஷா சனிக்கெழமை செத்துப்போனா.

சுஜின் அண்ணனுக்குப் போன் போட்டா. மெசினு ரிப்பேரு, திங்கக்கெழமைக்கு முன்ன ஆவாதுன்னுட்டாரு. போஸ்டரைப் பாக்க வந்த பிரிஜா சிரிச்சா. "செத்தாலும் எண்ணெ வச்சுத் தலை சீவிட்டுத்தான் சாவியாட்டி?" அம்மா மட்டும் சிரிக்கல்ல. சனிக்கெழமை கரைக்குப் போவக்கூடாதுன்னு சொல்லிட்டா. ஆனா கட்டம் காலியா இருந்தா போஸ்டரை உள்ள எடுக்க மாட்டாவ, ஒரு வருசப் பாடு வீணாப் போவும். அதனால அம்மாவுக்குத் தெரியாம போனா.

எப்பவும் டேப்போட கடல் முனையைப் பெபிஷாதான் பிடிப்பா. அண்ணைக்கு மதில் முனையைக் கேட்டு வாங்கினா. பிரிஜா கேலி பண்ணிக்கிட்டே மறுமுனையைப் பிடிச்சு நடந்தா. காத்தே இல்ல. டேப்பு கையில இருந்து ஓடுச்சு, எப்பவும் நிக்கிற எடத்தையும் தாண்டி ஓடுச்சு. முழுசும் தீந்து வெடுக்குன்னு நிண்ணது.

"ஏட்டி, தண்ணி இன்னும் தள்ளிக் கெடக்கு. மீனு துள்ளுது, வந்து பாரு."

பெபிஷா டேப்பை இறுக்கிப் பிடிச்சா. சுனாமியண்ணைக்குக் கடல் இப்பிடித்தான் உள்வாங்குச்சுன்னு அம்மா சொல்லியிருக்கா. பெபிஷாவோட அண்ணன் டெல்வின் அண்ணைக்கு மீன் பெறக்கத்தான் ஓடினான். இப்ப அவ முதுகு சாஞ்சிருக்கிற மதிலுக்கு அந்தால, கல்லறையிலதான் கெடக்கான்.

"பிரிஜா, போட்டுட்டு ஓடி வாட்டி."

அந்தக் கொரலைக் கேட்டு பிரிஜா எதுக்குன்னு கேக்கல்ல. ஓடி வந்தவளைப் பிடிச்சுத் தூக்கி, ரெண்டுபேரும் மதில் மேல ஏறவும் தண்ணி வந்து மதில்ல மோதவும் சரியா இருந்துச்சு. எரைச்சல் இல்லாம வந்து, அங்கனயே நிண்ணது. கள்ளக்கடல்னு பொறவு கரைக்காரங்க சொன்னாவ. காத்து மழை இல்லாமலே கள்ளன் மாதிரி ஏறி வருமாம்.

பிரிஜா பக்கத்துல இருந்தா. அவ ரெண்டு கையும் வெறுங்கை. ஆனா பெபிஷா கையில டேப்பு முறுக்கா நிண்ணது. தண்ணிக்குள்ள இருந்து ஆரோ மறுமுனையைப் பிடிச்சு, அளவு சரியான்னு பாக்கிற மாதிரி பைய இழுத்தாவ. விட்டாவ. திரும்ப இழுத்தாவ.

பெபிஷா டேப்பை விட்டுட்டா.

தண்ணி மதிலையே தொட்டுட்டதால, மறுநாள் அந்தக் கட்டத்துல சைபரை ஒட்டினா. பொறவு ஆறடி தள்ளிப் போயி பாத்தா. சைபர் தெரியல்ல. மொகமும் பேரும் தேதியுந்தான் தெரிஞ்சது.