ஓர வீட்டுச் சுவர்

நிர்மலாதேவி எந்த வீட்டிற்குள் நுழைந்தாலும் முதலில் கைப்பேசியை அணைத்துப் பைக்குள் வைப்பாள். வீட்டார் உட்காரச் சொல்லும்வரை நின்றுகொண்டே இருப்பாள். புதுப்பிக்கப்பெற்ற அரசாங்க அடுக்குமாடிகளால் குடியிருப்போர்க்கு விளைந்த நன்மை தீமைகளை மதிப்பிடுவது அவள் பணி. பத்து பெரண்டாம் என்னும் ஊரில் அன்று அவள் சென்ற பிளாக்கில், மின்தூக்கி அமைப்பதற்காக ஒவ்வொரு மாடியிலும் ஓர வீட்டை இடித்திருந்தனர். பக்கத்துப் பிளாக்கிலும் அவ்வாறே இடிக்கலாமா என்பது அவளுடைய பரிந்துரையைப் பொறுத்திருந்தது.

மின்தூக்கி பழுதாகியிருந்தது. மின்சாரத்தைத் துண்டித்து, கதவில் ‘ரோசாக்’ (பழுது) என்னும் மலாய் அட்டையைத் தொங்கவிட்டிருந்தார்கள். படியேறி வந்தவளை, மின்தூக்கியை ஒட்டிய வீட்டு விஜயராணி வரவேற்றுச் சமையலறையில் அமர வைத்தார். செலண்டார் ரப்பர்த் தோட்டத்தில் பால்மரம் வெட்டிப் பாலெடுத்தவர் அவர்.

“லிஃப்ட்டு நல்லாத்தான் இருக்குலா. முட்டி வலிக்காரங்களுக்குச் சொர்க்கம். நான்தான் ஏறுறதில்ல.”

“ஏன் ஆண்ட்டி?”

விஜயராணி சுவரைப் பார்த்தார். “இந்தச் சுவத்துக்கு அந்தப் பக்கம் கோமளா வீடு. இடிச்சிட்டு அவள உம்பாய்ல ஒரு வீட்டுக்கு மாத்திட்டாங்க. பேச ஒரு ஆளு இல்லன்னு போன்ல அழுவா. லிஃப்ட்டு தொறக்குறதுக்குள்ள போய்ச் சேந்துட்டா.”

அப்போது அச்சுவரில் அகப்பையால் தட்டியதுபோல் ஓர் ஓசை எழுந்தது.

தோட்டத்து லயங்களின் வரிசை வீடுகளில், பெண்கள் பலகைச் சுவரை ஒருமுறை தட்டினால் ‘வரலாமா?’ என்று பொருள். இருமுறை தட்டினால் ‘வா’ என்று பொருள். தட்டியவரைக் காக்க வைப்பது மரியாதையன்று. லயத்திலேயே பிறந்து வளர்ந்த நிர்மலாதேவியின் விரல்கள், அவள் எண்ணுமுன்னரே சுவரை இருமுறை தட்டிவிட்டன.

விஜயராணி அவள் கையைப் பிடித்து இழுத்தார்.

“ஐயோ, ஏம்மா தட்டுன? சமைக்கிற நேரமெல்லாம் அவ கேக்குறா. ஒருநாளும் நான் பதில் குடுத்ததில்ல!”

“லிஃப்ட்டு ரிப்பேர் ஆளா இருக்கும் ஆண்ட்டி...”

“அவன் சாமான் வாங்கப் போயிட்டான்.”

வெளியே மின்தூக்கி நகரும் ஓசை கேட்டது. நிர்மலாதேவி நடைபாதைக்கு விரைந்தாள். அட்டை ஆட, கதவு மெல்லத் திறந்தது. உள்ளே விளக்கில்லை, எவருமில்லை. தாளித்த கறிவேப்பிலையின் மணம் மட்டும் அவளைக் கடந்து வீட்டிற்குள் சென்றது. அதன்பின் கீழ்மாடிகளின் சுவர்களிலிருந்தும், மேல்மாடிகளின் சுவர்களிலிருந்தும், ஒன்றன்பின் ஒன்றாகத் தட்டல்கள் கேட்டன. இடிபட்ட வீடு ஒவ்வொன்றும் ‘வரலாமா?’ என்றது.

விஜயராணி நாற்காலியொன்றை இழுத்துப் போட்டார். “கூப்பிட்டாச்சு, இனி என்ன பண்றது? உக்காரு கோமளா. இந்தப் பிள்ளைக்கு வெவரம் தெரியாது.”

எதிரே, பக்கத்துப் பிளாக்கின் ஓர வீட்டுச் சன்னலில் ஒருத்தி துணி உலர்த்தியவாறே, அடுத்த வீட்டுக்காரியிடம் ஏதோ சொல்லிச் சிரித்துக்கொண்டிருந்தாள். நிர்மலாதேவி அவளை நெடுநேரம் பார்த்தாள்.

“அந்தப் பிளாக்குக்கு லிஃப்ட்ட வெளிப்பக்கமா கட்டட்டும் ஆண்ட்டி,” என்றாள். “ஓர வீடுகள இடிக்கலாம்னு நான் சொல்லப்போறதில்ல.”